தராதரப் பத்திரம் தேடிக் கடல் கடந்தவர்

1921ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15ஆம் நாள், பிரான்சு தேசத்திலே, சர்வதேச ஆகாய விமானச் சம்மேளனத்தின் பெயரால் ஒரு தராதரப் பத்திரம் வழங்கப்பட்டது. அதன் இலக்கம் 18,310. அதனைப் பெற்றவர் பெசி கோல்மன் என்னும் அமெரிக்கப் பெண்மணியார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுள் விமானம் ஓட்டும் தகுதிக்கு இத்தகைய பத்திரம் பெற்றவர் அவருக்கு முன் எவரும் இலர். அந்நாட்டு ஆதிக் குடிகளின் வழிவந்த பெண்களுள்ளும் அவரே முதல்வர் எனக் கொள்வர்.

விமானம் பிறந்த நாடு அமெரிக்கா. அந்த நாட்டிலே பிறந்து, அங்கேயே வளர்ந்த ஒருவர், விமானம் ஓட்டப் பழகுவதற்கு ஏன் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்க வேண்டியிருந்தது? அதற்கு முன்னோடியாக ஓர் அந்நிய மொழியை ஏன் கற்க வேண்டியிருந்தது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

தராதரப் பத்திரம் என்னும் ஏற்பாடு விமானக் கலையிலே எவ்வாறு புகுந்தது என்பதை முதலில் நோக்குவோம். 1903 டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர் இருவரும் வட கரோலினா மாநிலத்து மணற்பரப்பிலே தம் விமானத்தைப் பறக்கவிட்டபோது, அவர்களைப் பரீட்சிக்கத் தக்கவர் உலகில் ஒருவரும் இருக்கவில்லை. அக்கலைக்கு ஆசிரியரும் அவர்களே, மாணவரும் அவர்களே. ஆண்டுகள் சில செல்ல, ஐரோப்பாவிலும் பலர் பறக்கத் தொடங்கினர். உண்மையாகவே பறக்க வல்லவர் யார், வாய்ச்சொல் வீரர் யார் எனப் பகுத்தறிய வேண்டிய நிலைமை உண்டாயிற்று.

1905ஆம் ஆண்டிலே பாரிசு நகரில் சர்வதேசச் சம்மேளனம் நிறுவப்பட்டது. அதன் உறுப்பாகிய பிரான்சிய விமானக் கழகம் 1909ஆம் ஆண்டிலே, ஏற்கெனவே பறந்து பெயர் நாட்டியிருந்தோருக்கு முதற் பத்திரங்களை அளித்தது. முன்னவர் யார், பின்னவர் யார் என்ற பிணக்கு எழாதிருக்கும்பொருட்டு, அப்பெயர்களை நெடுங்கணக்கு வரிசையிலே எழுதினர். ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த லூயி பிளேரியோவுக்கு முதலாம் இலக்கம் கிட்டியது அவ்வாறே. விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரருக்கோ 14ஆம், 15ஆம் இலக்கங்களே கிடைத்தன!

இதன் பின்னர் பத்திரம் வேண்டுவோர் பரீட்சைக்குத் தோற்றியே அதனைப் பெறவேண்டும் என்னும் முறை நிலைபெற்றது. 1910 மார்ச் 8ஆம் நாள் ரேமொன் தெ லாரோஷ் என்னும் பிரெஞ்சுப் பெண்மணியார் 36ஆம் இலக்கப் பத்திரத்தைப் பெற்று, உலகிலே விமானியாகத் தகுதி பெற்ற முதற் பெண் என்னும் பெருமையை அடைந்தார். பறந்து காட்டுபவர் ஆணா, பெண்ணா, எக்குலத்தவர், எந்நிறத்தவர் என்பன அப்பரீட்சையின் வினாக்களாக அமையவில்லை. குறித்த பாதையிலே பறந்தாரா, குறித்த இடத்திலே இறங்கினாரா என்பனவே வினாக்கள். இச்செய்தியை நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி, பெசி கோல்மன் பிறந்த சூழலுக்கு வருவோம். அவர் 1892 ஜனவரி 26ஆம் நாள் டெக்ஸாஸ் மாநிலத்திலே அட்லாண்டா என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர்க்கு மக்கள் பதின்மூவர், இவர் பத்தாமவர். இவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் வக்ஸஹாச்சி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் ஆபிரிக்க மரபும் அமெரிக்க ஆதிக் குடி மரபும் ஒருங்கே உடையவர். இனப் பாகுபாட்டைத் தாங்கமாட்டாத அவர், 1901ஆம் ஆண்டிலே ஆதிக் குடிகள் வாழ்ந்த ஒக்லஹோமாப் பகுதியை நாடிச் சென்றுவிட்டார். தாயார் சூசன் பிறர் வீடுகளிலே வேலை செய்து பிள்ளைகளைக் காத்தார்.

அக்காலத்துத் தென் மாநிலங்களின் நிலைமையை ஒருவாறு கூறுதல் தகும். அடிமை முறை 1865ஆம் ஆண்டோடு ஒழிந்தது. ஆயினும், வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து வைக்கும் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயற்றப்பட்டன. பிரித்து வைப்பினும் வசதிகள் சமமாயிருந்தாற் போதும் என்னும் கொள்கையை 1896ஆம் ஆண்டிலே அந்நாட்டின் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பிரிவினை நடைமுறைக்கு வந்தது. சமத்துவம் ஏட்டோடு நின்றது. பெசி கற்ற பாடசாலை ஓர் அறையே கொண்டது. அதற்கு அவர் நான்கு மைல் தூரம் நடந்து செல்வார். பருத்தி வெடிக்கும் காலம் வந்துவிட்டால் அதுவும் இல்லை; பிள்ளைகள் யாவரும் பருத்தி பறிக்கத் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். இவ்வாறு இடையறவு பட்ட கல்வியிலும் அவர் கணிதத்திலே சிறந்து விளங்கினார்.

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு 1910ஆம் ஆண்டிலே ஒக்லஹோமாவின் லாங்ஸ்டன் நகரிலிருந்த கறுப்பின மக்களுக்கான உயர்கல்விக் கூடத்திலே சேர்ந்தார். ஒரு தவணை முடிந்தது, கையிருப்பும் முடிந்தது. ஊருக்குத் திரும்பி, மீண்டும் பிறர் உடைகளை வெளுத்துக் கொடுக்கும் தொழிலில் ஈடுபட்டார். ஆற்றல் இருந்தும் பொருள் இன்மையாற் கல்வியை இடையிலே விட்டுச் செல்லும் பிள்ளைகளை எம் போன்ற ஆசிரியர்கள் நெடுங்காலம் கண்டுவருகின்றோம். அவ்வாறு செல்லும் பிள்ளைகளுட் பலர் பின்னர் நூலைத் திறப்பதில்லை. பெசி அத்தகையவர் அல்லர்.

1915ஆம் ஆண்டிலே தம் இருபத்து மூன்றாம் வயதில் அவர் சிக்காகோ நகருக்குச் சென்று, தமையன்மாருடன் தங்கினார். ஒரு சிகையலங்கார நிலையத்திலே வாடிக்கையாளரின் நகங்களைச் சீர்செய்யும் வேலை கிடைத்தது. அப்போது முதலாம் உலக மகாயுத்தம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. அவருடைய தமையன்மார் இருவர் அமெரிக்கப் படையிற் சேர்ந்து பிரான்சிலே பணிபுரிந்து மீண்டனர். அவருள் ஜோன் என்பவர், பிரான்சு நாட்டுப் பெண்கள் விமானமே ஓட்டுகிறார்கள், உன்னால் அது ஒருபோதும் முடியாது என்று தங்கையை ஏளனம் செய்தாராம். தமையன் விளையாட்டாகச் சொன்னதைத் தங்கை வினையாகவே எடுத்துக்கொண்டார்.

பெசி பல விமானிகளை அணுகித் தமக்குக் கற்றுத் தரும்படி வேண்டினார். ஒருவரும் இசையவில்லை. பெண் என்பது ஒரு தடை; கறுப்பினத்தவர் என்பது அதனிலும் பெரிய தடை. இங்கே ஒரு விடயத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அக்காலத்து அமெரிக்காவிலே விமானம் ஓட்டுவதற்கு மத்திய அரசின் அனுமதிப் பத்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கறுப்பினப் பெண் பறக்கலாகாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. ஆயினும், கற்பிப்பவர் ஒருவரும் இல்லாத நிலையில் அந்தச் சுதந்திரத்தால் யாது பயன்? தடுப்பதற்குச் சட்டம் தேவையில்லை. ஆசிரியர் கதவைச் சாத்திக்கொண்டாற் போதும்.

இந்நிலையிலே அவருக்கு வழிகாட்டியவர் ரொபேர்ட் அபொட் என்னும் பெரியார். கறுப்பின மக்களிடையே பெருவழக்காயிருந்த சிக்காகோ டிபெண்டர் என்னும் பத்திரிகையை நிறுவியவர் அவர். பிரான்சுக்குச் சென்று பழகு, அதற்கு முன் பிரெஞ்சு மொழியைக் கற்றுக்கொள் என்பது அவர் கூறிய அறிவுரை. அது வெறும் நம்பிக்கையில் எழுந்த வார்த்தை அன்று. இயூஜின் புல்லார்ட் என்னும் அமெரிக்கக் கறுப்பின வீரர் 1917ஆம் ஆண்டிலே பிரான்சின் படையிற் பயின்று விமானியாகிப் போரிலும் பறந்திருந்தார். அவரைத் தம் சொந்த நாட்டு விமானப்படை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும் வரலாறு.

பெசி பகலிலே உழைத்துப் பணம் சேர்த்தார்; சிக்காகோவிலிருந்த ஒரு மொழிப் பாடசாலையிலே பிரெஞ்சு பயின்றார். அபொட் அவர்களும், ஜெசி பிங்கா என்னும் வங்கியாளரும் பொருளுதவி செய்தனர். 1920 நவம்பர் 20ஆம் நாள் நியூயோர்க் துறைமுகத்திலே அவர் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 28.

அவர் சேர்ந்த பாடசாலை, வட பிரான்சிலே சோம் ஆறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்த லெ குரொத்துவா என்னும் ஊரிலே இருந்தது. கோத்ரோன் சகோதரர் என்னும் விமான நிர்மாணிகள் நிறுவிய புகழ்பெற்ற பாடசாலை அது. முன்னர் யாம் குறிப்பிட்ட முதற் பெண் விமானி ரேமொன் தெ லாரோஷ் அவர்கள், 1919 ஜூலை 18ஆம் நாள் விமான விபத்திலே உயிர் நீத்ததும் அதே லெ குரொத்துவாவிலேதான். உலகின் முதற் பெண் விமானி இறந்துபட்ட இடத்திலே, ஈராண்டு நிறைவதற்கு முன், மற்றொரு பெண்மணி கல்வி தொடங்கினார்.

பழகுவதற்குக் கொடுக்கப்பட்ட விமானம் நியூபோர் வகையைச் சார்ந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைச் சிறகுகளை உடையது. மரச் சட்டங்களும் கம்பிகளும் துணியுமே அதன் உடம்பு. திருப்புவதற்குச் சக்கரம் கிடையாது; நிறுத்துவதற்குத் தடுப்பும் கிடையாது. முழங்கால்களுக்கு இடையே நிற்கும் ஒரு தண்டைக் கையாற் பிடித்து ஏற்றமும் இறக்கமும் சாய்வும் செய்தல் வேண்டும். பாதங்களின் கீழுள்ள மற்றொரு தண்டினாலே சுக்கானைத் திருப்புதல் வேண்டும். நிலத்தில் இறங்கியதும், வாற்புறத்துக் கட்டை தரையில் உராய்வதனாலேயே வேகம் தணியும்.

ஆசிரியரும் மாணவரும் ஒரே விமானத்திலே தனித்தனி ஆசனங்களில் அமர்வர். இருவர்க்கும் இணைந்த தண்டுகள் உண்டு. இயந்திரம் எழுப்பும் பேரிரைச்சலிலே வாய்மொழிப் பாடத்துக்கு இடமில்லை. ஆசிரியர் கை அசையுமாற்றைத் தம் கையிலுள்ள தண்டின் அசைவினாலே உணர்ந்து, மாணவர் பழகிக்கொள்ள வேண்டியதே. புறப்படுமுன், கம்பி தளர்ந்துள்ளதா, துணி கிழிந்துள்ளதா, ஆணி கழன்றுள்ளதா எனப் பார்த்துக்கொள்ளுதலும் பாடத்தின் ஒரு பகுதி. ஒருபுறம் சாய்ந்து திரும்புதல், தலைகீழாய் வட்டமிடுதல், சுழன்றபடி கீழே வந்து மீண்டும் நிலைபெறுதல் முதலிய வித்தைகளையும் அவர் பயின்றார். உடன் பயின்ற மாணவர் ஒருவர் விபத்திலே இறந்ததைத் தாம் நேரிற் கண்டதாகவும், அது தம் நரம்புகளை உலுக்கிற்றெனினும் கற்றலை நிறுத்தவில்லை என்றும் அவர் பின்னாளிற் பத்திரிகையாளரிடம் கூறினார்.

ஏழு மாதப் பயிற்சியின் பின் பரீட்சை வந்தது. 5 கிலோமீற்றர் நீளமான சுற்றுப் பாதையை இருமுறை பறந்து முடித்தல் வேண்டும். வானத்திலே 8 என்னும் இலக்கத்தின் வடிவாக வளைந்து பறந்து காட்டுதல் வேண்டும். ஈற்றிலே, சக்கரம் நிலத்தைத் தொடுமுன் இயந்திரத்தை நிறுத்தி, குறித்த புள்ளிக்கு அண்மையிலே இறங்குதல் வேண்டும். பெசி இவை யாவற்றையும் செய்து காட்டினார். பத்திரம் அவர் கைக்கு வந்தது.

அப்பத்திரம் அவருக்கு எத்துணை இன்றியமையாதது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். அமெரிக்காவிலே வெள்ளையர் ஒருவர் தாம் விமானி என்று சொன்னால் மக்கள் நம்புவர். ஐயுற்றாலும் அவர் பறந்து காட்டுவதற்கு யாரேனும் விமானம் கொடுப்பர். ஒரு கறுப்பினப் பெண் அவ்வாறு சொன்னால் நகைப்பர். சம்மேளனத்தின் பத்திரமோ உலகின் எந்நாட்டிலும் செல்லத்தக்கது. தம்மைப் பரீட்சித்தவர் தம் மேனியின் நிறத்தை அறியாதவர் அல்லர். அறிந்தும் அதனைப் புள்ளிகளிற் சேர்த்துக்கொள்ளாதவர். அந்த நடுநிலைமையே பத்திரத்துக்கு மதிப்பைத் தந்தது.

1921 செப்டம்பரிலே தாய்நாடு திரும்பியவரைப் பத்திரிகைகள் பாராட்டின. பாராட்டு வயிற்றை நிரப்புமா? மக்கள் பணம் கொடுத்துக் காணத்தக்க சாகசப் பறப்பே அக்காலத்து விமானிகளுக்குரிய பிழைப்பு. அதற்கு வேண்டிய மேற்பயிற்சியைக் கற்பிப்பாரும் சொந்த நாட்டில் இல்லாமையால், 1922ஆம் ஆண்டிலே அவர் மீண்டும் ஐரோப்பாவுக்குச் சென்று பிரான்சு, ஒல்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளிலே பழகி வந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலன்டிலே முதன்முறையாகத் தம் நாட்டு மக்கள் முன்னிலையிற் பறந்தார். பிரான்சிலே போர் புரிந்த 369ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்களைக் கௌரவிக்கும் விழா அது.

1923 பெப்ரவரியிலே கலிபோர்னியாவில் அவருடைய விமானத்தின் இயந்திரம் வானிலே நின்றுபோக, விமானம் வீழ்ந்தது. காலும் விலா எலும்புகளும் முறிந்தன. நடக்கத் தொடங்கியதும் மீண்டும் பறப்பேன் என்று மருத்துவமனையிலிருந்தே தந்தி அனுப்பினார்; அவ்வாறே செய்தார். 1925ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், டெக்ஸாஸ் மாநிலத்து அடிமைகளின் விடுதலை நினைவு நாளன்று, ஹியூஸ்டன் நகரிலே பறந்தார்.

தாம் வளர்ந்த வக்ஸஹாச்சியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. அங்கே அவர் பறக்க ஏற்பாடாகியபோது, வெள்ளையருக்கு ஒரு வாயில், கறுப்பினத்தவருக்கு வேறொரு வாயில் என அமைப்பாளர் வகுத்தனர். யாவரும் ஒரே வாயிலாலே வரவேண்டும், இன்றேல் பறக்கமாட்டேன் என்று பெசி உறுதியாகக் கூறினார். அமைப்பாளர் இணங்கினர். உள்ளே ஆசனங்கள் பிரிந்தே இருந்தன. அதனை அவரால் மாற்ற இயலவில்லை. முன்னர் ஒரு திரைப்படத்திலே நடிக்க ஒப்புக்கொண்டிருந்தும், கந்தை உடுத்த அறியாப் பெண்ணாகத் தோன்ற வேண்டுமென்று அறிந்ததும் அதனைக் கைவிட்டார். தம் இனத்தவரைக் குறித்துப் பிறர் கொண்டிருந்த இழிவான எண்ணத்துக்குத் தாம் துணைபோக அவர் விரும்பவில்லை.

சாகசம் அவர் நோக்கம் அன்று. கறுப்பின இளைஞர் யாவரும் பழகத்தக்க ஒரு விமானப் பாடசாலையை நிறுவுதலே அவர் நோக்கம். பறந்து பெற்ற பணமும், பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் ஆற்றிய சொற்பொழிவுகளாற் பெற்ற பணமும் அதற்காகவே. தாம் கடல் கடந்து பெற்ற கல்வியைப் பின்வருவோர் தம் ஊரிலேயே பெறவேண்டும் என எண்ணினார்.

அவ்வெண்ணம் கைகூடுமுன் காலன் முந்திக்கொண்டான். 1926 ஏப்ரல் 30ஆம் நாள், புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரிலே, மறுநாட் காட்சிக்கான இடத்தைப் பார்வையிடும்பொருட்டு அவர் வானில் ஏறினார். வில்லியம் வில்ஸ் என்னும் இளம் இயந்திரவியலாளர் விமானத்தை ஓட்டினார். கீழே நன்கு எட்டிப் பார்ப்பதற்காகப் பெசி ஆசனப் பட்டியை அணியாதிருந்தார். திடீரென விமானம் குப்புறப் பாய்ந்து புரண்டது. அவர் வெளியே வீசப்பட்டு மாண்டார். வில்ஸும் விமானத்தோடு வீழ்ந்து மாண்டார். தவறிக் கிடந்த ஒரு திருகு குறடு இயக்கும் பற்சக்கரங்களுள் அகப்பட்டு அவற்றை இறுக்கியமையே காரணம் எனப் பின்னர் காணப்பட்டது. அப்போது பெசிக்கு வயது 34. சிக்காகோவில் நிகழ்ந்த இறுதிச் சடங்கிலே ஏறத்தாழ 10,000 மக்கள் அஞ்சலி செலுத்தினர்.

அவர் மறைந்து மூன்று வாரங்கள் செல்லுமுன், 1926 மே 20ஆம் நாள், விமானிகளுக்கு அரசாங்கமே அனுமதிப் பத்திரம் வழங்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறிற்று. இனிப் பத்திரம் இன்றிப் பறத்தல் அரிது. ஆகவே கற்பிப்பார் யார் என்னும் கேள்வி முன்னையிலும் பன்மடங்கு முக்கியமாயிற்று.

அக்கேள்விக்கு விடையளித்தவர்கள் அவருடைய வழியைப் பின்பற்றியவர்களே. 1929ஆம் ஆண்டிலே வில்லியம் பவல் என்பவர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே பெசி கோல்மன் பெயரால் ஒரு விமானக் கழகத்தை நிறுவினார். சிக்காகோவிலே கோர்னீலியஸ் கொஃபி என்பவரும், 1938இல் அமெரிக்க அரசின் விமானிப் பத்திரம் பெற்ற வில்லா பிரவுண் அம்மையாரும் கறுப்பின மாணவருக்கென ஒரு விமானப் பாடசாலையை நடத்தினர். அங்கே பயின்றோருட் சிலர், இரண்டாம் உலக மகாயுத்தத்திலே புகழ்பெற்ற டஸ்கீகி விமானப்படைப் பிரிவிலே சேர்ந்தனர். 1992ஆம் ஆண்டிலே விண்வெளிக்குச் சென்ற முதற் கறுப்பினப் பெண்மணியாகிய மே ஜெமிசன், பெசியின் உருவப்படத்தைத் தம்முடன் எடுத்துச் சென்றார். 1995இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த தபால் முத்திரையையும், 2023இல் நாணயத்தையும் வெளியிட்டது.

நேயர்களே, பரீட்சைகள் யாவர்க்கும் ஒரே அளவுகோலைக் கொண்டவை என்று நாம் பெருமையோடு கூறுகின்றோம். அக்கூற்று உண்மையாக வேண்டுமாயின், பரீட்சை மண்டபத்தின் வாயில் திறந்திருப்பது மட்டும் போதாது. அதற்கு முன்னுள்ள பாடசாலையின் வாயிலும் திறந்திருத்தல் வேண்டும். லெ குரொத்துவாவிலே நடந்த பரீட்சை பெசி கோல்மன் அம்மையாருக்கு நீதி செய்தது. ஆனால் அதன் முன்னிலையில் வந்து நிற்பதற்கு, அவர் பருத்தித் தோட்டத்திலிருந்து புறப்பட்டு, ஒரு மொழியையும் ஒரு சமுத்திரத்தையும் கடக்க வேண்டியிருந்தது. அத்துணைத் தூரம் நடக்க வலிமையற்ற எத்தனை பேர் அத்தோட்டங்களிலேயே நின்றுவிட்டனர் என்பதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் இல்லை. அவர்களுக்காகவே அவர் பாடசாலை ஒன்றை அமைக்க விரும்பினார்.